சுமந்த கை, எழுதிய கை

1942-இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளவத்தை மண்டபத்திலே நூல் வெளியீட்டு விழாக்கள் பலவற்றை நாம் கண்டிருக்கின்றோம். முதற்பிரதி பெறுவோரின் படங்கள் அன்றிரவே முகநூலிற் பரவுகின்றன. அடுத்த நூலை எழுதவேண்டிய பொழுதை முந்திய நூலின் விளம்பரம் விழுங்கிவிடுகின்றது.

“விற்காத நூல் எவ்வாறு வாழும்?” என்று கேட்பர். நேர்மையான வினாவே. விடையை நமது இலக்கிய வரலாற்றில் தேடுவோம்.

யாழ்ப்பாணத்துச் சவரத் தொழிலாளியான டொமினிக் ஜீவா, 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். இதழ்களைத் தாமே சுமந்து, தெருத்தெருவாகச் சென்று விற்றார். பின்னாளில் கொட்டாஞ்சேனைப் பகுதியின் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து, 2012 வரை அதனை நடத்தினார். 2021-இல் மறைந்தார்.

விற்பனையை இழிவாகக் கருதாத இம்மனிதர் முதலில் எழுத்தாளராகவே நிலைபெற்றார். அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுதி, மல்லிகை பிறப்பதற்கு முன்பே சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சாதியொடுக்குமுறையை அனுபவித்தவரின் எழுத்து அது. மல்லிகையின் அட்டைகளிலோ சக படைப்பாளிகளின் முகங்களை அவர் பதித்தார். ஆகவே, அவர் தெருவிற் சுமந்து சென்றது ஒரு தலைமுறையின் படைப்புகளை. தமது புகழை அன்று.

எழுத்து இருந்தமையாற்றான் அச்சுமைக்குப் பொருள் இருந்தது. இன்றோ சுமையைத் தனியொரு எழுத்தாளன்மீது ஏற்றிவிட்டு, அவன் எழுதவில்லையே என்று குறைகூறுகின்றோம். நூலை வாங்குவதும், வகுப்பறையிற் பேசுவதும், நூலகத்திற் சேர்ப்பிப்பதும் ஆசிரியர், மாணவராகிய நமது கடமை. அதனை நாம் ஏற்போமாயின், அவன் மீண்டும் எழுதுகோலை எடுப்பான்.