குடிமீட்புக் குழுக் கூட்டங்கள்: தாம்பரமும் சென்னையின் தென்புறநகரும்

குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் குறித்த நேரத்தில் ஓரிடத்தில் கூடி, தத்தம் அனுபவத்தைச் சொல்லியும் பிறர் சொல்வதைக் கேட்டும், மீண்டும் குடிக்காமல் இருக்க ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏற்பாடே குடிமீட்புக் குழுக் கூட்டம் ஆகும். இவற்றுள் மிகப் பரவலானது, சுருக்கமாக 'ஏ.ஏ.' என்று வழங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். உறுப்பினர் முழுப்பெயரை வெளியிடாமல் இயங்குவதால் இப்பெயர் பெற்றது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் என, குடியால் வாழ்வு சிதைந்த இருவர் தொடங்கிய இவ்வமைப்பு இந்தியாவில் 1957 மே மாதம் டெல்லியில் நடந்த கூட்டத்தைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது.

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிய பொதுப்பேச்சு நெடுங்காலம் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு பின்னர் மாகாணம் முழுவதும் பரவி, 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் திரும்ப வந்து, 1981இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. 1983இல் உருவான, அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. கடை திறப்பதா மூடுவதா என்ற இந்த வாதத்தில், குடியை விட முடியாமல் தவிக்கும் மனிதருக்கு நாளை காலை என்ன செய்வது என்பதற்கான விடை இருக்கவில்லை. குடும்பங்கள் அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று கயிறு கட்டிச் சத்தியம் வாங்கின. பலர் அதனால் சில மாதங்கள் நின்றனர், ஆனால் கயிறு அறுந்தபின் அவர்களிடம் பேச ஆள் இருக்கவில்லை.

மாற்றம் 1980இல் தொடங்கியது. தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தபின், அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அவர் பெயரில் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். தென்சென்னையின் இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் விளைவு. குடியை ஒழுக்கக்கேடு என்று பழிக்காமல் நோயாகக் கருதிச் சிகிச்சை தரலாம் என்பதையும், குடும்பத்தாருக்கும் அதில் பங்குண்டு என்பதையும் சென்னை மக்கள் அறிந்ததில் இந்நிறுவனத்தின் பங்கு பெரிது. சாந்தி ரங்கநாதனுக்கு 1992இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆயினும் மருத்துவமனைவாசம் சில வாரங்களில் முடிந்துவிடும், நோயோ ஆயுள் முழுவதும் தலைதூக்கக்கூடியது. வீடு திரும்பியவரைத் தாங்குவது அவரது ஊரில் நடக்கும் கூட்டமே.

தாம்பரம் பகுதியில் இத்தேவை தனி வடிவம் கொண்டது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது முதல் இவ்வட்டாரம் வேலைக்குப் போய்த் திரும்புவோரின் ஊராக வளர்ந்தது. பல்லாவரம், குரோம்பேட்டையின் தோல் தொழிற்சாலைகளும், தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த ஏற்றுமதி வளாகமான மெப்ஸும் தொழிலாளர் தொகையைப் பெருக்கின. 2021இல் சுற்றுப்புற நகராட்சிகளும் பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. இவ்வாறு வேலைக்குப் போய்வருபவருக்கு ஆபத்தான நேரம், ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் மாலைவேளை. பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் மதுக்கடை அவ்வழியிலேயே இருக்கிறது. மாலையில், நிலையத்துக்கு நடக்கும் தொலைவில் ஒரு கூட்டம் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் காக்கப்படுகிறது. இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய கூட்டத்துக்கு, எவ்வளவு நல்லதாயினும், களைத்த மனிதர் தொடர்ந்து போகமாட்டார்.

கூட்டம் நடைபெறும் முறை எளியது. தேவாலய வளாகம், பள்ளி வகுப்பறை, சமூகக்கூடம் போன்ற இரவல் இடத்தில், உறுப்பினர் ஒருவர் முறைவைத்து நடத்த, மற்றவர்கள் முதற்பெயரையும் தாம் குடிநோயாளி என்பதையும் சொல்லிப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ இல்லை. கட்டணம் கிடையாது, செலவுக்கு உறுப்பினரே விரும்பியதைத் தருவார்கள். சேர்வதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. கடவுளைப் பற்றிய சொற்கள் வந்தாலும் இன்ன மதம் என்ற நிபந்தனை இல்லை. எவரும் வரலாம் என்பது திறந்த கூட்டம், குடிப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும் உரியது மூடிய கூட்டம். புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர் ஸ்பான்சர் எனப்படுவார். குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென 1951இல் அமெரிக்காவில் உருவான அல்-அனான், தனியே கூட்டம் நடத்துகிறது.

மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.யும் அதை நோக்கி ஆற்றுப்படுத்தும் முறையான சிகிச்சையும் பிற முறைகளுக்கு இணையாகவோ மேலாகவோ பலன் தருவதாகக் கண்டது. ஆனால் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சையோ உதவியோ பெற்றதாக 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெண்களின் நிலை இன்னும் கடினம். ஆண்கள் நிறைந்த அறையில் தம் குடியைப் பற்றிப் பேசும் துணிவை ஊரின் பழிச்சொல் பறித்துவிடுகிறது. இக்குறை களையப்பட வேண்டியது.

முழுப்பெயர் மறைக்கும் மரபால் இக்கூட்டங்கள் ஊரில் கண்ணில் படுவது அரிது. மருத்துவர், போதைமீட்பு மையம், அமைப்பின் தொலைபேசி உதவி ஆகியவையே அவற்றுக்கு வழி. அரசின் போதைமீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவையும் வழிகாட்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அத்தகையவர் முதலில் மருத்துவரைக் கண்டு, அதன்பின் கூட்டத்துக்குச் செல்ல வேண்டும்.