ஆறு நிமிட நடையும் ஒரு மஞ்சள் படிகமும்: இதயச் செயலிழப்பில் கோஎன்சைம் க்யூ10

1957இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன், மாட்டின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் மஞ்சள் படிகமாக ஒரு பொருளைக் கண்டார். மறு ஆண்டே மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அதன் வேதியமைப்பை வெளியிட்டது. செல்லுக்குள் எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் உண்டாக்க உதவும் கோஎன்சைம் க்யூ10 அது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் அது மிகுதி. தளர்ந்த இதயத்துக்கு இதையே கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

முதலில் கொடுத்துப் பார்த்தது ஜப்பான். 1960களின் நடுவில் யூயிச்சி யாமமுரா இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் இதன் நெருங்கிய உறவுப்பொருளைப் பயன்படுத்தினார். 1974இல் அங்கே க்யூ10 மருந்தாகவே ஒப்புதல் பெற்றது. நோயுற்ற இதயத் தசையில் க்யூ10 குறைந்திருப்பதை ஃபோக்கர்ஸும் அவரோடு பணிபுரிந்தவர்களும் காட்டினார்கள். ஆனால் அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் அன்று கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

தசையில் க்யூ10 எவ்வளவு என்பது ஒருபுறமிருக்க, நோயாளிக்கு வேண்டியது தெருமுனைவரை மூச்சிரைக்காமல் போய்வருவது. அதை அளக்க எளிய வழி ஒன்று 1980களில் இதய நோயாளிகளிடம் வந்தது: ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நீளமுள்ள நடைகூடம். இரு முனையிலும் ஓர் அடையாளக் கூம்பு. நோயாளி தன் வேகத்தில் போய்த் திரும்பிக்கொண்டே இருப்பார். மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. அருகில் இருப்பவர் நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவைத்த சொற்களை மட்டுமே சொல்வார். கூடுதலாக உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும், அளவு கெட்டுவிடும்.

க்யூ10ஐக் கறாரான சோதனைகளுக்கு உட்படுத்தியதும் அதன்மீதான நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 55 பேர் பங்கேற்றனர். ஆறு மாதம், நாளுக்கு 200 மில்லிகிராம். இரத்தத்தில் க்யூ10 இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. உடற்பயிற்சி நேரமோ, உச்ச ஆக்சிஜன் பயன்பாடோ உயரவில்லை. 2014இல் வெளியான க்யூ-சிம்பியோ ஆய்வு பெரிது: 420 பேர், நாளுக்கு 300 மில்லிகிராம், இரண்டு ஆண்டுகள். 16 வாரத்தில் நடைதூரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் கடும் இதயப் பாதிப்புக்கு ஆளானவர்கள் மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 26%, க்யூ10 பெற்றவர்களில் 15%. நடையைக் கூட்டாத ஒன்று ஆபத்தைக் குறைத்ததா? இதே அளவில் இன்னொரு சோதனை வந்து உறுதிசெய்யும்வரை நான் தயங்குவேன்.

குறைந்த பொருளை ஈடுசெய்ய முயன்ற இன்னொரு கதையாக, இரும்புச்சத்தின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009இல் வெளியான ஃபேர்-ஹெச்எஃப் ஆய்வில், இரும்புச்சத்துக் குறைந்த 459 இதயச் செயலிழப்பு நோயாளிகளில் நரம்பு வழியே இரும்பு ஏற்றப்பட்டவர்கள், ஏற்றப்படாதவர்களைவிட ஆறு நிமிடத்தில் சுமார் 35 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். 2017இல் 225 பேரிடம் அதே சத்தை மாத்திரையாகக் கொடுத்தபோது உச்ச ஆக்சிஜன் பயன்பாடு உயரவில்லை. மாத்திரை பலன் தராததற்கு இது காரணமாக இருக்கலாம்: நாள்பட்ட அழற்சியில் மிகும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குப் போகும் வாசலை அடைத்துவிடுகிறது.