கொலுப்படியில் மாறிய முகங்கள்

நவராத்திரி தொடங்குமுன் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவி யானைமீது புறப்படுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, ஊர்வலம் கரமனையை அடைகிறது. குமாரசுவாமி வெள்ளிக் குதிரை ஏறுவது இங்கேதான். பதினெட்டாம் நூற்றாண்டில் தர்மராஜா என்று போற்றப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா ஆட்சியில் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. அரசர் இடம் மாறியபின் தேவியையும் ஆண்டுக்கொருமுறை இங்கே எழுந்தருளச் செய்யும் வழக்கம் உண்டாயிற்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறி, தேவியின் ஊர் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. அதனால் பயணம் நின்றுவிடவில்லை. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இப்படி எல்லை கடந்து போய்வரும் வாழ்க்கை புதிதன்று.

தேவி வந்து சேரும் அந்த நாட்களில் கரமனை ஆற்றங்கரை அக்கிரகாரங்களில் பரண்மேலிருந்து தகரப் பெட்டிகள் இறங்கும். பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைத்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். நான் பிறந்த வீட்டில் அந்த வேலை என் பாட்டியுடையது. பிரித்தவுடன் அவர் பார்ப்பது பொம்மையின் முகத்தைத்தான். கை உடைந்திருந்தால் புடைவையால் மறைக்கலாம். மூக்கு உடைந்திருந்தால் என் செய்வது? இடவப்பாதி, துலாவர்ஷம் என்று ஆண்டில் இருமுறை மழை கொட்டும் ஊரில் மண் பொம்மையின் வண்ணம் பொரிந்து உதிர்வது இயல்பு. ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை முகத்தைப் புதிதாக எழுதியே ஆகவேண்டும்.

'எழுதுதல்' என்ற சொல்லை வேண்டுமென்றே ஆள்கிறேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்குச் சொல்லின்மீது சற்று மோகம் இருப்பதை நேயர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழில் கண்ணுக்கு மை எழுதுகிறோம், ஓவியத்தையும் எழுதுகிறோம். வடமலபாரில் தெய்யம் ஆடுவோரின் முக ஒப்பனைக்கு 'முகத்தெழுத்து' என்றே பெயர். பொம்மையின் முகமும் அப்படி எழுதப்படுவதே.

பண்ணுருட்டியிலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் இன்றும் வழங்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுத்து ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். சீமைச்சுண்ணாம்பைப் பசையில் குழைத்து வெள்ளை பூசியபின் வண்ணம் ஏறுகிறது. கண் எழுதுவது கடைசியில். கேரளத்துச் சுவரோவியரும் கண்ணைக் கடைசியிலேயே திறப்பர். காவிக்கல்லும் விளக்குக் கரியும் வேப்பம் பிசினும் கொண்டு அவர்கள் எழுதிய முகங்களைப் பத்மநாபசுவாமி கோயில் சுவர்களில் காணலாம்: பாதி மூடிய நீண்ட விழி, தடித்த புருவம், அசைவற்ற அமைதி.

கொலுப்படியில் வந்தமர்ந்த முகம் அதுவன்று என்பதே இங்கே கவனிக்கத்தக்கது. அந்த முகத்தின் பிறப்பை அறியக் கிளிமானூருக்குச் செல்லவேண்டும். சுவாதித் திருநாள் அரசவையில் மதுரை அளகிரி நாயுடு என்ற ஓவியர் இருந்தார். அவரிடம் பயின்றவர் கிளிமானூர் ராஜராஜவர்மா; அவருடைய மருமான் ரவிவர்மா, 1848இல் பிறந்தவர். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்ட அவர், 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் சரஸ்வதியையும் லட்சுமியையும் கல்லச்சுப் படங்களாக நாடெங்கும் பரப்பினார். உருண்ட கன்னம், ஈரமான விழி, பக்கத்து வீட்டுப் பெண்ணைப்போன்ற சாயல். படம் சுவரில் மாட்டப்பட்ட வீட்டிலே, படியில் இருக்கும் பொம்மையும் நாளடைவில் அந்த முகத்தை ஏற்றுக்கொள்ளாமல் இருக்குமா? அவருக்குப்பின் நாட்காட்டி முகம் வந்தது. அதன்பின் திரைப்பட நடிகையரின் வளைந்த புருவமும் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு ருக்மிணிக்கு 1960களின் கொண்டையும் கண்ணோரத்து மையின் வாலும் உண்டு. கண்ணன் மட்டும் பழைய கண்ணனாகவே நின்றான்.

எங்கள் வீட்டில் ஒரு ராஜா ராணி இணை இருந்தது. பாட்டியின் திருமணத்தின்போது திருநெல்வேலியிலிருந்து வந்த மண் பொம்மைகள். ராணியின் இதழோரத்தில் அச்சிலேயே அமைந்த ஒரு சிறு குழிவு உண்டு. சிரிக்கிறாளா, சினக்கிறாளா என்று சிறுவயதில் நாங்கள் சண்டையிடுவோம். பாட்டி காலமான ஆண்டு, நான் கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஏதேனும் நல்லது செய்வோம் என்று எண்ணி, ராணியின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பசையில் குழைத்த பழைய வண்ணம் நீருக்குத் தாங்காது என்பதை அறியேன். புருவமும் ஒரு கண்ணும் துணியோடு வந்துவிட்டன. பதறிப்போய்க் கதவுக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தை வாங்கிவந்து மேலே பூசினேன். அது பளபளத்தது. ஆனால் கனத்த வண்ணம் இதழோரக் குழிவை நிரப்பிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை; அந்த ஆண்டு ராணியைக் கடைசிப்படிக்கு மாற்றினாள்.

இன்று பொம்மை முகத்தை மாற்றி எழுதுவது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. ஜப்பானிய நிறுவனமான வோல்க்ஸ் 1999இல் வெளியிட்ட மூட்டசையும் பொம்மைகளை, முகம் எழுதப்படாமலே வாங்கித் தாமே எழுதிக்கொள்வோர் உண்டு. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில் சோனியா சிங் என்ற பெண்மணி, பழைய கடைகளில் கிடைத்த ஒப்பனை மிகுந்த பொம்மைகளின் முகத்தை அழித்துச் சாதாரணச் சிறுமியரின் முகத்தை எழுதினார். 2015இல் அவை உலகப் புகழ் பெற்றன. ஆலை ஒரே அச்சில் ஆயிரமாயிரமாகச் செய்த முகம் அழிவதில் இழப்பில்லை. அதே முகம் வேறு பொம்மையில் இருக்கும். கையால் எழுதிய முகம் அவ்வாறன்று. பண்ணுருட்டிக் கலைஞர் ஒரு நாளில் பத்துப் பொம்மைகளுக்குக் கண் எழுதினாலும் பத்தும் வேறு வேறாகவே நோக்கும். இந்த வேறுபாட்டை அறியாமல் தூரிகை எடுப்போர்மீது எனக்குச் சற்றுக் கோபம் உண்டு. முதற்கோபம் என்மீதே.

சென்ற ஆண்டு என் மகள் அந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொண்டாள். தில்லியிலிருந்து கரமனைக்கு விடுமுறைக்குச் சென்றபோது ராணியைக் கையில் எடுத்தவள், முதலில் முகத்தைத் தொடவில்லை. காதின் பின்புறத்தில் ஊசிமுனையளவு இடத்தில் பஞ்சினால் கரைப்பானைத் தொட்டுப் பார்த்தாள். என் எனாமல் மெல்ல இளகிற்று; அடியில் பாட்டி காலத்து மஞ்சள் தெரிந்தது. நான்கு மாலைகள் உழைத்து இதழோரம் வரை வந்துவிட்டாள். குழிவு திரும்பிவிட்டது.

இனிக் கண் எழுதவேண்டும். பழைய படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. ராணி சிரித்தாள் என்கிறாள் என் அக்காள்; இல்லை என்கிறேன் நான். ராஜாவுக்கு அருகில், கண்ணில்லாத முகத்தோடு, அவள் இப்போது இரண்டாம் படியில் இருக்கிறாள்.