பெட்ரோ மார்ட்டினெஸை டொட்ஜர்ஸ் ஏன் விட்டுக்கொடுத்தது?

1993 நவம்பர் 19ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணி, 22 வயதுப் பந்துவீச்சாளர் ஒருவரை மொன்ட்ரியல் எக்ஸ்போஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டெலைனோ டிஷீல்ட்ஸ் என்ற வீரரை எடுத்துக்கொண்டது. கொடுக்கப்பட்டவரின் பெயர் பெட்ரோ மார்ட்டினெஸ். பேஸ்போலில் நடந்த மோசமான பரிமாற்றங்களைப் பட்டியல் போடும் யாரும் இதை விட்டுவிடுவதில்லை. "முட்டாள்தனம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பேஸ்போலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் எடுத்த முடிவு அது. ஒரு இளைஞனை அவர்கள் எப்படி எடைபோட்டார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய விடயம்.

நம்மூரில் பேஸ்போல் பார்ப்பவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விளக்கம். அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஆட்டம். முழு வேகத்தில் நூறு பந்துகள் வீசிய கை மறுநாள் வீசாது, நாலு நாள் ஓய்வு வேண்டும். ஆகவே ஒவ்வொரு அணியும் ஐந்து ஆரம்பப் பந்துவீச்சாளர்களை வைத்துக்கொண்டு முறை போட்டுச் சுழற்றும். ரொட்டேஷன் என்பது இதுதான். மற்றவர்கள் ரிலீவர்கள். ஆட்டம் பாதி தாண்டிய பிறகு வந்து ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போவார்கள். ஆரம்பத்தில் வீசுபவர் அதே துடுப்பாட்ட வீரரை ஒரே நாளில் மூன்று தடவை சந்திக்க வேண்டும். முதல் தடவை ஏமாந்தவன் மூன்றாம் தடவை ஏமாறமாட்டான். வேகம் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு மூன்று வகைப் பந்தும், வருடத்துக்கு 200 இன்னிங்ஸ் தாங்கும் உடம்பும் வேண்டும். இளம் பந்துவீச்சாளர் ஒருவர் வந்ததும் எல்லா அணிகளும் கேட்கும் முதல் கேள்வி, இவர் அந்த ஐவரில் ஒருவரா, இல்லை பின்னால் வருபவரா என்பதுதான். சம்பளம், பெயர், எதிர்காலம் எல்லாம் அந்தப் பதிலில் தொங்குகிறது.

பெட்ரோ டொமினிக்கன் குடியரசின் மனோகுவாயாபோ என்ற ஊரில் பிறந்தவர். அண்ணன் ரமோன் மார்ட்டினெஸ் ஏற்கனவே டொட்ஜர்ஸின் நட்சத்திரம். 1990இல் 20 வெற்றிகள் எடுத்தவர். உயரம் 6 அடி 4 அங்குலம். தம்பிக்கோ 5 அடி 11 அங்குலம், 170 இறாத்தல். தம்பி தன்னை விடக் கெட்டிக்காரன் என்று ரமோன் சொன்னார். முகாமையாளர் ரொமி லஸோர்டாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சிறிய உடம்பு ஆரம்பப் பந்துவீச்சாளரின் சுமையைத் தாங்காது என்பது அவருடைய கணிப்பு. கிரிக்கெட் ரசிகர்கள் இந்த இடத்தில் மல்கம் மார்ஷலை நினைத்துக்கொள்ளலாம். 6 அடி 8 அங்குல ஜோயல் கார்னருக்குப் பக்கத்தில் நின்ற 5 அடி 11 அங்குல மனிதர். 376 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார்.

லஸோர்டாவின் கணிப்பில் எனக்கு இடிப்பது வேறொன்று. அவர்களுடைய கையிலேயே சான்று இருந்தது. 1991இல் டொட்ஜர்ஸின் கீழ்நிலை அணிகள் மூன்றில் ஆரம்பப் பந்துவீச்சாளராக வீசி, பெட்ரோ 18 வெற்றி, 8 தோல்வி எடுத்திருந்தார். அந்த வருடத்தின் சிறந்த கீழ்நிலை லீக் வீரர் என்று ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை அவரைத் தெரிவு செய்தது. வேகப்பந்து மாதிரியே கையை வீசி, பந்தை மட்டும் மெதுவாக விடும் "சேஞ்ச் அப்" வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் டொட்ஜர்ஸின் பயிற்றுவிப்பாளர் கை கொன்டிதான். நீண்ட விரல்கள் அதற்கு உதவின. ஆயுதத்தைக் கொடுத்த அணியே அதைப் பாவிக்க இடம் கொடுக்கவில்லை.

1993இல் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 65 ஆட்டங்களில் இறக்கினார்கள். அதில் இரண்டே இரண்டில்தான் ஆரம்பத்தில் வீசவிட்டார்கள். 107 இன்னிங்ஸ், 119 ஸ்ட்ரைக் அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.61 ஓட்டங்கள். ஒரு ரிலீவருக்கு 107 இன்னிங்ஸ் என்பது பெரிய சுமை. தாங்காத உடம்பு என்று தீர்மானித்தவர்கள் அதே உடம்பை 65 தடவை எழுப்பி வேலை வாங்கியிருக்கிறார்கள்! அவர் தாங்குவாரா என்ற கேள்விக்கு ஒரே பரீட்சை, ஐந்தாவது நாள் தோறும் பந்தைக் கையில் கொடுத்துப் பார்ப்பதுதான். அந்தப் பரீட்சையை வைக்காமலே பெறுபேறு எழுதப்பட்டுவிட்டது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்ட அணி தெரிவு செய்யும்போது உயரமான பிள்ளை மேல் முதலில் கண் போவது எந்தப் பாடசாலையிலும் நடப்பதுதானே. ஓடவிட்டுப் பார்த்தால் கதை சில நேரம் மாறும்.

டொட்ஜர்ஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அன்று அவர்களுடைய ஐந்து இடமும் நிரம்பியிருந்தன: ஓரெல் ஹெர்ஷைசர், ரமோன், ரொம் கன்டியோட்டி, கெவின் குரோஸ், பெட்ரோ அஸ்டாசியோ. மறுபக்கம் இரண்டாம் தளத்தில் ஆடிவந்த ஜோடி ரீட் ஒப்பந்தத்தை மறுத்துவிட்டுப் போனதால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. டிஷீல்ட்ஸுக்கு 24 வயது. அந்தப் பருவத்தில் துடுப்பாட்டச் சராசரி .295, ஓடித் திருடிய தளங்கள் 43. அன்றைய தாளில் எழுதிப் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் வரும். பெட்ரோவை ரிலீவர் என்று விலைபோட்டதால் மட்டும் சரியாக வந்த கணக்கு அது. அந்த டிஷீல்ட்ஸ் லொஸ் ஏஞ்சல்ஸில் ஆடிய மூன்று பருவங்களின் சராசரி .250, .256, .224.

மொன்ட்ரியலில் முகாமையாளர் பெலிப்பே அலு. அவரும் டொமினிக்கன்காரர். சுற்றி வளைக்காமல் பெட்ரோவை ரொட்டேஷனில் போட்டார். 1994 ஏப்ரல் 13இல் சின்சினாட்டிக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸ் வரை பெட்ரோ ஒருவரையும் தளம் ஏற விடவில்லை. அப்போது ஒரு பந்து ரெஜி சான்டர்ஸின் உடம்பில் பட்டது. வேண்டுமென்றே எறிந்தான் என்று அவர் அடிக்க ஓடிவந்தார். அபூர்வமான சாதனை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை வேண்டுமென்று யார் கெடுப்பார்? கோபம் கணக்குப் பார்ப்பதில்லை.

1995 ஜூன் 3இல் சான் டியேகோவில் ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் ஒருவரும் தளம் ஏறவில்லை. பத்தாவதில்தான் பிப் ரொபர்ட்ஸ் ஒரு அடி அடித்தார். 1997இல் 241 இன்னிங்ஸுக்கு மேல், 305 ஸ்ட்ரைக் அவுட், சராசரி 1.90. அந்த வருடம் 13 ஆட்டங்களை ஆரம்பம் முதல் முடிவு வரை அவரே வீசினார். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது கிடைத்தது. பிறகு பொஸ்டன் ரெட் சொக்ஸ் போய் 1999, 2000 என்று இன்னும் இரண்டு தடவை அந்த விருதை வாங்கினார். 2000இல் அவரது சராசரி 1.74. அமெரிக்கன் லீக்கில் இரண்டாம் இடத்துக்கு வந்த ரொஜர் கிளெமென்ஸுக்கு 3.70. ஓட்டங்கள் குவிந்த காலத்தில், அடுத்தவர் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாக இவர் கொடுத்திருக்கிறார்.

லஸோர்டாவின் பயம் முழுக்க வெறும் பயமா? அப்படியும் சொல்லமாட்டேன். 2001இல் தோள் வலி வந்து பெட்ரோவால் 18 ஆட்டங்களில்தான் வீச முடிந்தது. அதற்குப் பிறகு பொஸ்டன் அவரை நூறு பந்துகளுக்கு மேல் விடப் பயந்தது. ஆனாலும் ஏழு பருவங்களில் 200 இன்னிங்ஸைத் தாண்டினார். 219 வெற்றி, 100 தோல்வியோடு ஓய்வுபெற்று, 2015இல் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 6 அடி 4 அங்குல அண்ணனின் தோளும் தப்பவில்லை. 1998இல் சத்திரசிகிச்சை செய்து, 135 வெற்றிகளோடு நின்றுவிட்டார். எறிகிற தோளுக்கு உயரம் காப்புறுதி கொடுப்பதில்லை போலும்.

பெட்ரோவின் ஆட்டங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 1999 ஒக்டோபர் 11ஐத் தேடிப் பாருங்கள். கிளீவ்லண்டில் தொடரைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம். முதுகு வலியால் பெட்ரோவால் ஆரம்பத்தில் வீச முடியவில்லை. ஓட்டங்கள் 8க்கு 8 என்று சமமாக இருந்தன. நான்காவதில் அவரை இறக்கினார்கள். வழக்கமான வேகம் இல்லை, சேஞ்ச் அப்பையும் வளைவுப் பந்தையும் வைத்தே சமாளித்தார். கடைசி வரை ஆறு இன்னிங்ஸ், கிளீவ்லண்டுக்கு ஒரு அடி கூட இல்லை. பொஸ்டன் 12க்கு 8 என்று வென்றது. அன்று அவர் வந்தது, லஸோர்டா அவருக்கு ஒதுக்கியிருந்த அதே ரிலீவர் வேலைக்கு.