ஆதாரத்தைக் காப்பது வேறு, பரப்புவது வேறு

பால்நிலை, மனித உரிமை ஆகிய பாடங்களைப் பரீட்சையோடு நிறுத்தாமல், மாணவர்களையே டிஜிட்டல் வேலையில் இறக்கிக் கற்பிக்கும் வழக்கம் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய புலனாய்வு ஆய்வுகூடம் அவற்றில் முக்கியமானது.

போர் நடக்கும் இடத்திலிருந்து ஒரு காணொளி வருகிறது. அது முன்பே வேறெங்காவது வெளியானதா என்று மாணவர்கள் தேடுகிறார்கள். பின்னணியில் தெரியும் தண்ணீர்த் தாங்கி, கோபுரம், வீதி வளைவு ஆகியவற்றைச் செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நிழலின் திசையும் நீளமும் நேரத்தைச் சொல்லும். ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பார்.

இப்படிச் சரிபார்ப்பதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும். 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை அரசாங்கம் போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதைத் தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, காணொளி ஆகிய துறைகளின் மூன்று நிபுணர்களிடம் கொடுத்தார். அது உண்மையானது என்பதையே அவர்களது ஆய்வு வலுவாகக் காட்டுவதாக 2010 ஜனவரியில் அறிவித்தார்.

பால்நிலைப் பாடம் தொடங்குவது இதற்குப் பிறகுதான். மே மாதம் வந்தால் கொல்லப்பட்ட பெண்களின் ஆடை குலைந்த உடல்கள் முகநூலில் மறுபடியும் சுற்றுகின்றன. பகிர்பவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். நீதி கேட்டுத்தான் பகிர்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் தாயும் அதே முகநூலில் இருக்கலாம்.

பகிர்வதால் வழக்குக்கும் பலமில்லை. வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடும். எடுத்த நேரம், கருவி பற்றிய தகவல்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். நூறு பேரிடம் பிரதி இருந்தும் மூலக்கோப்பு ஒருவரிடமும் இல்லாமல் போவது இப்படித்தான். மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது என்று எழுதி, வெளியிட வேண்டியிருந்தால் பிரதியில் மட்டும் முகத்தையும் உடலையும் மறைக்க வேண்டும். நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். என்னைக் கேட்டால், கமரா பிடிக்கப் பழக்குவதற்கு முன் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இத்தகைய காட்சிகளைச் சத்தத்தை நிறுத்தி, திரையைச் சிறிதாக்கிப் பார்க்கப் பழக்குவார்கள். இங்கே அது போதாது. கிளிநொச்சியிலிருந்து வரும் மாணவிக்குத் திரையில் தெரிவது அவளுடைய பெரியப்பாவாக இருக்கலாம். பார்க்க மாட்டேன் என்பவளிடம் காரணம் கேட்கக்கூடாது. புள்ளி குறையாத வேறு வேலையை முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும். 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தின் படங்களை, அந்தத் தாய்மாரிடம் சம்மதம் கேட்டு, திகதியும் இடமும் குறித்து ஒழுங்குபடுத்துவதே ஒரு தவணைக்குப் போதுமான வேலை.