மெட்ராஸ் குழந்தையும் மியூரன் பனியும்

மார்கழி விடியற்காலையில் தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் போயிருக்கிறீர்களா? கடல் மாதிரி தண்ணீர், அதன் மேல் புகை மாதிரி பனி. டீக்கடையில் நிற்கிற பெரியவர்கள் தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு, ‘என்னா குளிரு!’ என்று நடுங்குவார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 20 டிகிரி இருக்கும்!

அந்த ஊரில் பட்டுத் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டி.வி-யில் பனிச்சறுக்குப் போட்டி. காலில் இரண்டு பட்டைகளை மாட்டிக்கொண்டு, நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இதை யாரு சித்தப்பா கண்டுபிடிச்சது?” என்றான் வீட்டுப் பையன்.

“மெட்ராஸ்ல பொறந்த ஒருத்தர்டா.”

“மெட்ராஸ்ல ஏது சித்தப்பா பனி? ஐஸ் வண்டிதான் இருக்கு!”

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இருந்து கப்பலில் ஐஸ்கட்டி வரவழைத்து, கடற்கரையில் ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டிப் பாதுகாத்த ஊர் அது. ஆனால், நான் சொன்னதும் நிஜம்.

பெயர், ஆர்னால்டு லன். பிறந்தது 1888 ஏப்ரல் 18, மெட்ராஸ். அப்பா ஹென்றி லன், மெதடிஸ்ட் பாதிரியார், மருத்துவமும் படித்தவர். ஊழியம் செய்ய நம் ஊருக்கு வந்தவருக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வருடம் போலத்தான் இருந்தார். மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்து போனவர் சும்மா இருந்தாரா? பத்திரிகையில் எழுதினார். ‘இந்தியாவில் நம் மிஷனரிகள் துரைமார் மாதிரி சொகுசாக வாழ்கிறார்கள், ஜனங்களோடு ஒட்டவே இல்லை’ என்று போட்டு உடைத்தார். பெரிய ரகளை. 1890-ல் விசாரணை நடத்திய சபை, மிஷனரிகள் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. லன் ஓரங்கட்டப்பட்டார். பிறகு பாதிரியார் வேலையையே விட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. 1892-ல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டு கிராமத்தில் பல சபைகளின் பாதிரியார்களைக் கூட்டி, ஒற்றுமை மாநாடு நடத்தினார். அத்தனை பேருக்கும் ரயில், ஹோட்டல் ஏற்பாடு செய்யவேண்டி வந்ததில், சபை ஒற்றுமை வந்ததோ இல்லையோ, ஒரு டிராவல் ஏஜென்சி பிறந்துவிட்டது!

நான் பி.காம். படித்தவன். லன்னின் மூளையை அந்தக் கண்ணால்தான் பார்க்கத் தோன்றுகிறது. ஆல்ப்ஸ் மலை ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது கோடைகாலம்தான் சீஸன். பனி விழுந்தால் பூட்டு. கட்டடம் அங்கேயே நிற்கிறது, கடனுக்கு வட்டி ஓடுகிறது, வருமானம் பூஜ்யம். லன் அந்தப் பூட்டைத் திறந்தார். மியூரன் என்று ஒரு கிராமம். மலை விளிம்பில், சுமார் 1,640 மீட்டர் உயரத்தில், எதிரே ஐகர், யூங்ஃபிராவ் சிகரங்கள். (நம்ம ஊட்டி இதைவிட 600 மீட்டர் உசரம். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் உறைபனியோடு சரி.) 1891-லேயே அங்கே மலை ரயில் வந்துவிட்டது. 1910-ல்தான், லன்னின் முயற்சியால், குளிர்காலத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடியது.

வந்த ஆட்கள் யார்? உயர்தரப் பள்ளிகளில் படித்த கனவான்கள், ராணுவ அதிகாரிகள். கண்டவர்களும் நுழையாதபடி அதற்கென்றே ஒரு கிளப் வைத்து மெம்பர் சேர்த்தார் லன். மிஷனரிகளின் சொகுசைக் கண்டித்த அதே மனிதர்! குறை சொல்லலாம்தான். ஆனால், ஆறு மாதம் பனியில் மூடிக்கிடந்த கிராமத்துக்கு அதனால் சோறு கிடைத்ததையும் சொல்ல வேண்டுமே.

மகன் ஆர்னால்டு பத்து வயதிலேயே சறுக்கக் கற்றவர். 1909-ல், ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது, வேல்ஸ் மலையில் பாறை ஏறப் போய் விழுந்தார். கால் நொறுங்கியது. பிழைத்தார், ஆனால் ஒரு கால் குட்டை. புண் பல வருடம் ஆறவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஈஸிசேரில் சாய்ந்திருப்பார்கள். இவர் அந்தக் காலோடு மறுபடி பனிக்குப் போனார்.

பட்டையைக் காலில் கட்டிச் சறுக்குவது நார்வேக்காரர்களின் பழைய வித்தை. அவர்களுக்கு நீண்ட தூர ஓட்டமும் தாண்டுவதும்தான் வீரம். சரிவில் வளைந்து இறங்குவதில் அழகைப் பார்த்து மார்க் போடும் போட்டிகளும் இருந்தன. ‘அழகு கிடக்கட்டும், கடிகாரத்தைப் பார்’ என்றார் ஆர்னால்டு. ஜோடி ஜோடியாகக் கொடி நட்டு, அவற்றுக்கு நடுவே புகுந்து குறைந்த நேரத்தில் இறங்குபவரே வெற்றியாளர் என்று விதி எழுதினார். 1922 ஜனவரியில், மியூரனில் முதல் நவீன ஸ்லாலம் போட்டி நடந்தது. டி.வி-யில் பையன் பார்த்தது அதன் பேரப்பிள்ளையை!

இதில் இன்னொரு மெட்ராஸ் சங்கதி. 1911-ல் நடந்த சரிவு ஓட்டப் பந்தயத்துக்குக் கோப்பை தந்தவர் லார்டு ராபர்ட்ஸ். 1880-ல் ஆப்கானிஸ்தானில் காபூலில் இருந்து காந்தஹாருக்குச் சுமார் 500 கிலோமீட்டர் படையை நடத்திப் போய், அந்த ஊர்ப் பெயரையே பட்டமாகச் சேர்த்துக்கொண்டவர். அடுத்த வருடமே மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதி! அந்தக் கோப்பையின் பெயரில் 1924-ல் மியூரனில் ‘காந்தஹார் ஸ்கீ கிளப்’ ஆரம்பித்தார் ஆர்னால்டு. ஆப்கன் வெயிலில் நடந்த போரின் பெயர் ஐரோப்பியப் பனிச்சரிவுகளில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடந்தே தேய்ந்த சிப்பாய்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களுக்கு இது தெரிந்தால் சிரிப்பார்களா, திட்டுவார்களா?

நார்வேக்காரர்கள் ரொம்ப நாள் முகம் சுளித்தார்கள். விடாமல் மல்லுக்கட்டி 1930-ல் சர்வதேச சங்கத்தின் அங்கீகாரம் வாங்கினார் ஆர்னால்டு. 1931-ல் முதல் உலக சாம்பியன்ஷிப், அதே மியூரனில். 1936-ல் ஒலிம்பிக்ஸ். 1952-ல் ‘சர்’ பட்டம். 1974-ல் 86 வயதில் இறந்தார்.

இதெல்லாம் சொல்லி முடித்தபோது பையன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“காலு குட்டையா இருந்துமா சித்தப்பா?”

“ஆமாண்டா.”

டி.வி-யில் அடுத்த ஆள் இறங்க ஆரம்பித்திருந்தான். பையன் அவனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.