கானக்கோழியின் கழுத்திறகு

அகநானூற்றின் 216ஆம் பாடலை முதுகலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் முதல் நான்கு அடிகளிலேயே நின்றுவிடுகிறேன். ஐயூர் முடவனார் பாடியது. மெல்லிய கோலில் நாண் கட்டி மீன் பிடிக்கும் பாண்மகள் ஒருத்தி அதில் வருகிறாள். கரையில் கிடத்திய வராலை வஞ்சி விறகில் சுட்டு, கள்ளுண்டு உட்கார்ந்திருக்கும் தந்தையின் வாயில் ஊட்டுகிறாள். பாட்டு என்னவோ பரத்தையின் கூற்று. பாண்மகள் தலைவனுடைய ஊருக்கு அடைமொழியாக வந்து போகிறவள்தான். தேர்வுக்கும் அவள் தேவையில்லை. தலைவன் யார், பரத்தை யாருக்குச் சொன்னாள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஒரு வருடம் பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், அப்போ பொம்பளைங்க தூண்டில் போட்டிருக்காங்களா?" போட்டிருக்கிறார்கள் என்றுதான் பாட்டு சொல்கிறது என்றேன். "அப்புறம் எப்போ விட்டாங்க?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடிப் போன இடத்தில் நான் எதிர்பார்த்த பெண்களைவிட எதிர்பாராத பெண்கள்தான் அதிகம் கிடைத்தார்கள்.

நவீன காலத்தில் தூண்டில் ஒரு விளையாட்டாக நம் காடுகளுக்குள் வந்தது வெள்ளை அதிகாரிகளின் பெட்டியில். ஹென்றி சல்லிவன் தாமஸ் மெட்ராஸ் மாகாண சிவில் சர்வீஸ்காரர், தென் கன்னடத்தில் பணியாற்றியவர். 1873இல் அவர் எழுதிய 'தி ராட் இன் இந்தியா' பல பதிப்புகள் கண்டது. மசீர் என்னும் பெருங்கெண்டை இங்கிலாந்துக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் சால்மனைவிட வலுவாகப் போராடும் என்று அவர் அடித்துச் சொன்னார். அதன்பின் கோடை விடுமுறைக்கு ஊட்டிக்குப் போகிறவர்களைப் போலத் துரைமார் பலர் காவிரிக்கும் கபினிக்கும் கிளம்பினார்கள். சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே மேகதாது தாண்டி ஒகேனக்கல் வரைக்கும் ஆறு பாறையும் காடுமாக ஓடுகிறது. முதுகில் கூனல் விழுந்த ராட்சத மசீர் வாழ்ந்த இடம் அதுதான். 1919இல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ அதிகாரி 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கும் மேல். புலித்தோலும் மான்தலையும் பாடம் செய்து உலகெங்கும் அனுப்பிய குடும்பம் அது. மீனின் எடை அவுன்ஸ் வரைக்கும் குறிக்கப்படும் காலம். படகு தள்ளியவர் பெயரோ கேழ்வரகு உருண்டை பிசைந்தவர் பெயரோ அந்தப் பதிவுகளில் வருவது அபூர்வம். ஆம், கேழ்வரகுதான். காவிரியின் பெருமீனுக்கு மிகப் பேர்போன இரை வேகவைத்துப் பிசைந்த கேழ்வரகு மாவு. துரையின் தூண்டில் முனையில் தொங்கியது நம் களி.

ஆங்கிலத் தூண்டில் நூல்களில் மீன் பெரும்பாலும் 'அவன்'. அவன் வீரன், அவன் தந்திரக்காரன், அவன் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவன். தமிழில் 'அது' என்று சொல்லி அஃறிணையில் தள்ளிவிடுகிறோம். குறைந்தபட்சம் பால் விஷயத்தில் பொய் சொல்வதில்லை. மசீர் இனங்களில் பொதுவாகப் பெண்மீன்தான் ஆணைவிடப் பெரிதாக வளரும். அப்படியானால் சுவர்களில் மாட்டப்பட்ட, எடைபோட்டுப் புகைப்படம் எடுக்கப்பட்ட 'அவன்'களில் பலர் முட்டையிடும் வயதில் இருந்த தாய்கள். வயிற்றைப் பார்த்தால் தெரிந்திருக்குமே என்று நினைத்துக்கொள்வேன். பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்தும் 'அவன்' என்றே எழுதியிருக்கிறார்கள்.

இனி இறகுக்கு வருகிறேன். தூண்டில் விளையாட்டிலேயே உயர்குடி வகையாகக் கருதப்படுவது ஃப்ளை ஃபிஷிங். மண்புழுவோ மாவோ கிடையாது. சிறு கொக்கியில் இறகையும் ரோமத்தையும் பட்டுநூலால் சுற்றிக் கட்டி, பூச்சி போலவோ சிறுமீன் போலவோ தோன்றச் செய்து வீசுவார்கள். சால்மனுக்கான 'ஃப்ளை'களில் மிகவும் மதிக்கப்பட்ட இறகு ஒன்று உண்டு: கறுப்பில் மஞ்சளும் வெள்ளையுமாக எனாமல் பூசியது போல் பளபளக்கும் புள்ளிகள் கொண்டது, தண்ணீரில் மீனின் கண்போலத் தெரியும். ஆங்கிலத்தில் 'ஜங்கிள் காக்' என்பார்கள். அது வேறெதுவுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கத்தும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. சங்கப் பாட்டில் கானக்கோழி என்று வருவது. அந்தக் கழுத்துத் தோல்கள் கப்பலேறிப் போயின. தொலைதூர ஊர்களில் யாரோ அமர்ந்து அவற்றைக் கட்டினார்கள்.

அந்த 'யாரோ'க்களில் எத்தனையோ பேர் பெண்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேரி ஆர்விஸ் மார்பரி தன் தந்தையின் தூண்டில் நிறுவனத்தில் ஃப்ளை கட்டும் பெண்களின் பட்டறையை நடத்தினார். ஒரே ஃப்ளைக்கு ஊருக்கொரு பெயரும் உருவமும் இருந்த குழப்பத்தைத் தீர்த்து, 1892இல் வண்ணப் படங்களுடன் ஒரு பெரும் நூலே வெளியிட்டார். ஸ்காட்லாந்தின் மேகன் பாய்ட் (1915–2001) வடகடல் ஓரத்தில் மின்சாரமில்லாத குடிசையில் சன்னல் வெளிச்சத்தில் வாழ்நாள் முழுக்க ஃப்ளை கட்டியவர். இளவரசர் சார்லஸ் அவருடைய வாடிக்கையாளர். 1971இல் அரசி பதக்கம் அறிவித்தபோது, அன்றைக்கு நாயைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அரண்மனைக்குப் போகவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் ஆங்கிலேயர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் இது நகைச்சுவை இல்லை. மேகன் பாய்ட் மீன் பிடித்தவரும் அல்ல. உயிரைக் கொல்வதில் அவருக்கு விருப்பமில்லை.

இதே இறகை முன்வைத்து இங்கிலாந்தில் ஒரு பெரிய சண்டை நடந்தது. பெண்களின் தொப்பிக்காகக் கொக்கும் சொர்க்கப் பறவையும் கொல்லப்படுவதை எதிர்த்து 1889இல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் ஒரு சங்கம் தொடங்கினார். தொடக்கத்தில் அதில் பெண்கள் மட்டுமே. பிற்பாடு உலகப் புகழ்பெற்ற அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1904இல் அரச சாசனம் கிடைத்தபோது கூடவே ஒரு கட்டுப்பாடும் இருந்தது: விளையாட்டுக்காக வேட்டைப்பறவைகளைக் கொல்வது பற்றிச் சங்கம் எந்தப் பக்கமும் நிற்காது. பெண் தலையில் சூடும் இறகைப் பற்றிப் பேசலாம். ஆண் துப்பாக்கி தூக்குவதைப் பற்றிப் பேசக் கூடாது. இந்திய அரசும் 1902இல் பறவைத் தோல், இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் கள்ளத்தனமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது.

1920இல் இறகுத் தடை மசோதா பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இழுபட்டபோது, பெண்களின் அலங்கார ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுதினார். வர்ஜீனியா உல்ஃப் அதற்குப் பதில் எழுதினார். பறவையைச் சுட்டவர் ஆண், விற்றவர் ஆண், வாக்களிக்க வராமல் போன உறுப்பினர்களும் ஆண்கள். பழி மட்டும் எப்படிப் பெண்ணுக்கு வந்தது என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. உல்ஃபின் கட்டுரையைப் படித்தபோது என் மனம் தொப்பியில் நிற்கவில்லை. அதே காலத்தில் சால்மன் பிடிக்கும் கனவானின் தோல் பர்சுக்குள் வரிசையாகக் குத்தி வைக்கப்பட்டிருந்த கானக்கோழிக் கண்கள்தான் நினைவுக்கு வந்தன. அவை அலங்காரம் இல்லையாம், கருவியாம்.

நம் ஆற்றில் இதன் மறுபாதி சட்டமாக வந்தது. 1873இல் பிரான்சிஸ் டே இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்வளம் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். தாமஸும் அந்தக் காலத்தில் இதே கவலையோடு எழுதியவர். சிறுகண் வலையும் பொறியும் ஆற்றில் கலக்கும் நஞ்சும் மீன்குலத்தை அழிக்கின்றன என்பது அவர்களின் முறையீடு. நீலகிரிக்கு 1879இலேயே வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்தது. வலையின் கண் அளவை விதிக்க மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. வெடி போடுவது கொடுமைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சிறுகண் வலை என்று சொல்லும்போது யாருடைய கை அது? வாய்க்காலில் கூடையை வைத்து, பழம்புடவையை விரித்து, இரவுக் குழம்புக்கு அயிரையும் கெளுத்தியும் அரிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். 50 கிலோ தாய்மீனைக் கொல்பவர் விளையாட்டு வீரர். கைப்பிடி பொடிமீன் அரிப்பவள் அழிப்பவள். பாண்மகள் எப்போது கோலைக் கீழே வைத்தாள் என்று கேட்ட மாணவிக்கு இப்போது இதைத்தான் சொல்வேன்: அவள் வைக்கவில்லை, அவள் கையிலிருந்தது தூண்டில் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் நான் நினைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிற்காலத்தில் பீமேஸ்வரி, காலிபோரே முகாம்களுக்கு வந்தவர்கள் மீனைப் பிடித்து எடை பார்த்துத் திரும்ப ஆற்றில் விட்டார்கள். பிடித்ததையெல்லாம் குறித்தும் வைத்தார்கள். 1998 முதல் 2012 வரையான அந்தக் குறிப்புகளைத்தான் ஆய்வாளர்கள் பிறகு சான்றாகக் கொண்டார்கள். கூனல் மசீர் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்தது. கிடைத்தவையோ மேலும் மேலும் பெரியவை. கிழவிகள் மட்டும் இருக்கும் ஊர்போல, குஞ்சுகள் வரவில்லை. மீன்வளம் பெருக்குகிறோம் என்று ஆற்றில் விட்ட நீலத்துடுப்பு மசீர் பெருகி அந்த இடத்தைப் பிடித்திருந்தது. அணைகளும் மணல் அள்ளலும் ஒருபக்கம் இருக்க, நல்லெண்ணத்தோடு விட்ட மீன்குஞ்சுகள் மறுபக்கம்.

இத்தனை புகழ்பெற்ற மீனுக்கு அறிவியலில் உறுதியான பெயர் 2018 வரை இல்லை என்பதுதான் வேடிக்கை. நூறாண்டுக்கு மேல் சுட்டிக்காட்டி, எடைபோட்டு, படம் பிடித்தவர்களில் ஒருவரும் அதைச் சரியாக அடையாளப்படுத்தவில்லை. கேரளத்தின் பாம்பாறு கிழக்கே பாய்ந்து அமராவதி வழியாகக் காவிரியில் சேர்வது. அங்கே கிடைத்த சிறு மீன்களை வைத்து 2007இல் குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் புதிய மசீர் ஒன்றை விவரித்திருந்தார்கள். கூனல் ராட்சதமும் அந்தச் சிறுமீனும் ஒரே இனம் என்பது 2018இல் தெளிவானது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. பெயர்: டோர் ரெமாதேவி. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையத்தில் பணியாற்றிய மீனியலாளர் கே. ரெமா தேவியைச் சிறப்பிக்க வைத்தது. தூண்டிலோடு படத்துக்கு நிற்காமல், குப்பிகளில் ஊறிய மீன்களின் செதிலை எண்ணி வகைப்படுத்தும் துறையில் உழைத்தவர்.

போன வருடம் மாணவிகளை ஒகேனக்கல் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அருவிக்குப் போகும் வழியில் மீன் வறுக்கும் ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதிருக்கும். பெரிய கெண்டை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, எண்ணெய்க் கையை விரித்து உள்ளங்கையைக் காட்டினார்.

"செதிலே இத்தாம் பெரிசு இருக்கும். எங்கம்மா காலத்துல. நான் சின்னப்புள்ளயில ஒண்ணு பார்த்தேன், அவ்ளோதான்."

அந்த மீனுக்கு இப்போது ஒரு பெண்ணின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். வாணலியைக் கிளறுவதை நிறுத்தினார்.

"சாமி பேரா?"

"இல்லக்கா, படிச்சவங்க. மீன் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க."

"எந்த ஊரும்மா?"

சென்னையில் வேலை பார்த்தவர் என்றேன். தலையாட்டிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்து மசாலாவில் புரட்டினார். பக்கத்துக் கடையில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் திரும்பி, "ஏ, கேட்டியா, நம்ம பெரிய மீனுக்கு ரமாதேவின்னு பேராம்" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெண் நிமிராமலே, யார் வைத்தது என்று கேட்டாள்.